மயிலின் கண்ணில் வைத்த மணல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, முதலிலேயே மன்னித்துவிடுங்கள். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள் நான். முன்னது பின்னதாக வரும். மறதியும் சேர்ந்துகொண்டது, அரிசியைக் களைந்தேனா இல்லையா என்று அடுப்பு முன்னால் நின்று யோசிக்கிறேன். பேசச் சொன்னால் இன்னும் மோசம். நாலு பேர் பார்த்தால் தொண்டை அடைத்துவிடும். அந்தத் தொண்டையால்தான் ஒரு டாக்டரின் ஆராய்ச்சிக்கூடம் பூட்டப்பட்டது. அவருக்கு வர வேண்டிய அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை. ரசாயனம் படித்து அந்தப் பட்டம் வாங்கியவர். நம்ம பெண்தான், கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர். ஷா ஆலம் ஓரத்தில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய கூடம் இருந்தது. நான் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்துப் போய் அங்கே துப்புரவு வேலை செய்தேன். என்னை அனுப்பியது ஒரு குத்தகை கம்பெனி. அதன் சூப்பர்வைசர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார்.

கூடத்துக்குள் துடைக்கச் சிவப்புக் கைப்பிடி மாப், வெளியே துடைக்க நீலக் கைப்பிடி மாப். இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது. முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். எத்தனையோ வருஷத்தில் நான் ஒரு தடவைகூட மாற்றியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே தோரியம், யுரேனியம் என்று சில சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து வேலை செய்தார்கள். மண்ணுக்குள்ளேயே இருப்பவைதான், ஆனால் அவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வந்துகொண்டே இருக்கும். வெள்ளீயச் சுரங்கத்துக் கழிவு மணலில் ஒட்டியிருக்கும் தோரியத்தைப் பிரித்தெடுக்க டாக்டர் ஒரு புது மாதிரி உப்பு வைத்திருந்தார். தண்ணீரே சேர்க்காமல் அந்த உப்பு தேன் மாதிரி பாட்டிலில் நிற்கும்.

“மழைக்காலத்துல எங்க வீட்டு உப்பு ஜாடிகூட இப்படித்தான் கசியுது, டாக்டர்” என்றேன் ஒரு நாள். அவரோடு மட்டும் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும்.

சிரித்துவிட்டார். “உங்க வீட்டு உப்பு காத்துல இருக்கிற தண்ணிய குடிக்குது, ஆன்டி. இது தானே தண்ணியா இருக்கு. காயாது, வாசனையும் வராது. கீழ சிந்தினா யாருக்குமே தெரியாது. அதான் எனக்குப் பயம்.”

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. துறைமுகத்திலோ பழைய இரும்புக் குவியலிலோ கதிர் வீசும் சாமான் அகப்பட்டால், அது எந்த ஊர் மண், எந்த ஆலையில் பக்குவம் செய்தது, எந்த வழியாக வந்தது என்று அந்தச் சாமானை வைத்தே கண்டுபிடிப்பது. போலீஸ் கைரேகை பார்ப்பது மாதிரி என்றார். எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு சூப்பர்வைசர் வந்து, “அக்கா, வாசல் கூடத்துல ஒரு கோலம் போட்ருங்க லா. மால்ல எல்லாம் போடறாங்கள்ல, கலர் அரிசி, அந்த மாதிரி. இந்தக் கட்டடத்துல தமிழாளு நீங்கதான்” என்றார்.

“டாக்டரும் தமிழுதானே.”

“டாக்டர் வந்து குந்தி கோலம் போடுவாங்களாக்கும்!”

மயில் போட்டேன். அரிசிக்கு நானே வீட்டில் சாயம் ஏற்றிக் காயவைத்துக் கொண்டுபோயிருந்தேன். ஊதா, பச்சை, மஞ்சள் எல்லாம் நன்றாக வந்தன. கறுப்பு மட்டும் சாம்பலாக வெளுத்துவிட்டது. மயிலுக்குக் கண்ணும் தோகைப் பொட்டும் கறுப்பாக இல்லாவிட்டால் அது கோழி. அப்போதுதான் கைப்பையில் இருந்த மணல் பொட்டலம் ஞாபகம் வந்தது.

அது என் தங்கை கொடுத்தது. அவள் கிள்ளானில் ஒரு கோஷ்டியோடு சேர்ந்து தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய் வந்தாள். கன்னியாகுமரியில் அம்மனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வராமல் போய், சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மஞ்சளும் அப்படியே கரையில் மணலாகக் கிடக்கிறது என்பார்களே, அந்த மணல். கறுப்பும் சிவப்பும் மஞ்சளும் கலந்து, கறுப்பு தூக்கலாக ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பார்கள். எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. என் தங்கை அதை என் கையில் வைத்து, “உனக்குன்னே வாங்கினேன். உன்ன மாதிரியே ஒருத்தி வீட்டு அரிசி” என்று சொல்லிச் சிரித்தாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அதைக் கைப்பையில் போட்டு மூடியவள், ஏனோ வெளியே எடுத்து சாமி மேடையில் வைக்கவில்லை.

பாதிப் பொட்டலத்தை மயிலின் கண்ணுக்கும் தோகைக்கும் தூவினேன். அம்மன் வீட்டு அரிசி, அரிசிக் கோலத்தில் சேர்வதில் என்ன தப்பு என்று நினைத்தேன். நன்றாகவே இருந்தது. டாக்டர் போகிற வழியில் நின்று, “கண்ணு மின்னுது ஆன்டி!” என்று படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, வாயு சிலிண்டர் ஏற்றிய தள்ளுவண்டி மயிலின் தலைமேல் ஏறி இறங்கியது. அரிசி தரையெங்கும் சிதறியது. ஆள் வழுக்கி விழப்போகிறார்கள், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்றார்கள். அரிசியைக் கூட்டி அள்ளிப் பையில் கட்டினேன். மத்தியானமே குப்பை லோரி கொண்டுபோய்விட்டது. தரையை நீல மாப்பால் துடைத்தேன். ஈர மாப் மணலைத் தரையெல்லாம் பூசியது எனக்குத் தெரியவில்லை. அதன்மேல் எல்லோரும் நடந்தார்கள்.

கூடத்திலிருந்து வெளியே வரும் வழியில் கையும் காலும் வைக்கிற எந்திரம் ஒன்று உண்டு. உடம்பில் ஏதாவது ஒட்டியிருந்தால் மணி அடிக்கும். அன்று பின்னேரம் டாக்டர் செருப்புமேல் மாட்டியிருந்த உறையைக் கழற்றிவிட்டுத் தன் செருப்போடு அதில் ஏறினார். அடித்தது. இன்னொருவர் ஏறினார். அடித்தது. நான் உடை மாற்றும் அறையில் குப்பை எடுக்கப் போயிருந்தேன். என்னையும் ஏறச் சொன்னார்கள். என் சிலிப்பருக்கு அது அடித்த அடியில் எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

பிறகு யாரையும் வெளியே விடவில்லை. ஆறு பேர் அந்தச் சின்ன அறையில் இருந்தோம். சிலிப்பரைப் பையில் போட்டுக் கட்டினார்கள். வெறுங்காலோடு பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நின்றேன். பாதுகாப்பு அதிகாரி மலாய்க்காரர், நல்ல மனிதர். “மக்சிக், டுடுக் டுலு”, முதலில் உட்காருங்கள் அம்மா என்று மலாயில் சொல்லி நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. நாற்காலியில் ஒட்டிவிடுமோ என்று பயம். சிறுநீர் முட்டியது. நாலு ஆண்கள் இருக்கும்போது அதை எப்படிச் சொல்வது? டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே அதிகாரியிடம் பேசி என்னை முதலில் சோதிக்க வைத்து, பக்கத்துக் கழிவறைக்கு அனுப்பினார். அவருக்குத் தலைபோகிற நேரம் அது. அதிலும் என் முகத்தைக் கவனித்தார்.

கைக்கருவியை வைத்துப் பார்த்தபோது வாசல் தரையில் அங்கங்கே சத்தம் வந்தது. நீல மாப்பில் நிறைய வந்தது. உள்ளே எதுவும் சிந்தியதாக யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த உப்புத்தேன் சிந்தினால்தான் யாருக்கும் தெரியாதே. அதில் கரைந்த தோரியம் கொஞ்சம் கீழே விழுந்து, யாரோ அதைத் துடைத்து வெளியே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். யாரோ என்றால், துடைக்கிறவள் நான் ஒருத்திதானே.

‘கோலத்தில் நான் ஒரு மணல் போட்டேன்’ என்று சொல்ல வேண்டும் போல் அப்போதே தோன்றியது. மணலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று தெரியாது. இருந்தாலும் தோன்றியது. சொன்னால், என்ன மணல், எதற்குக் கைப்பையில் வைத்திருந்தாய் என்று கேட்பார்கள். கல்யாணம் நின்றுபோன அம்மன் கதையை அதிகாரிகள் முன்னால் நான் மலாயில் எப்படிச் சொல்வது? சாமி மணலால் கதிர் வந்தது என்றால் அடுத்த வருஷம் கோலமே போட விடுவார்களா?

மறுநாள் சூப்பர்வைசர் ஒரு காகிதத்தோடு வந்தார். “அக்கா, வயசாச்சு, மாப்ப மாத்தி எடுத்துட்டீங்க. அவ்ளோதானே? ஒண்ணும் செய்ய மாட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டா நாளைக்கே கேஸ் முடிஞ்சிரும். இல்லன்னு சொன்னா தீபாவளி அன்னிக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேப்பாங்க. எது வேணும்?”

சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். நான் தலையை ஆட்டினேன்.

“ஆமாவா, இல்லையா?”

மறுபடி ஆட்டினேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

என் மட்டில் முடிந்தது என்று நினைத்தேன். நான் மாப்பை மாற்றினேன் என்றால், உள்ளே சிந்தியது நிஜம் என்று ஆகிறது. சிந்தியது நிஜமென்றால், சிந்தியதை மறைத்தவர் டாக்டர். அந்த ஒரு தலையாட்டலில் இவ்வளவும் இருந்தது எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் கூடத்தின் கதவில் முத்திரை ஒட்டினார்கள். டாக்டரை வீட்டிலிருக்கச் சொன்னார்கள். என்னை கம்பெனி மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றியது.

தீபாவளி வந்து போனது. முறுக்குச் சுட்டேன், உப்புப் போட மறந்தேன். “என்னக்கா, அம்மன் விருந்து மாதிரி உன் முறுக்கும் வாயில வைக்க ஆகாதா?” என்று தங்கை கேலி செய்தாள். முறுக்கை டின்னில் போட்டு மூடினேன். மேரு தொழிற்சாலையில் ஒரே நிற மாப்தான். அதைப் பிடிக்கும்போதெல்லாம் கைப்பிடியின் நிறத்தைப் பார்த்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்தால், எல்லாம் அந்த மணலால்தானோ என்ற பயத்தில் கைப்பையைத் திறக்க முடியவில்லை. பாதிப் பொட்டலம் அதற்குள் இருந்தது. தூக்கிப் போடலாமென்றால் எங்கே போடுவது? கழிவறையில் கொட்டினால்? குப்பையில் போட்டால், அந்த லோரிக்காரர்கள் காலில்? பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்தால் எழுந்து நின்றுவிடுவேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே ஓடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்துப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். டாக்டர் எந்த மாடிவீடு என்று தெரியும். ஒருமுறை பொங்கலுக்குக் கூப்பிட்டிருந்தார். பையை மடியில் வைக்காமல் காலடியில் வைத்துக்கொண்டேன். பூக்கடைகளைத் தாண்டிப் போகும்போது ஒரு பூக்கார அக்கா, “என்னம்மா, பைய இப்படித் தள்ளிப் பிடிச்சிக்கிட்டுப் போறீங்க, உள்ள பாம்பு இருக்கா?” என்றாள்.

கதவைத் திறந்த டாக்டர் இளைத்திருந்தார். “வாங்க ஆன்டி” என்றார். ஒரு பெட்டியிலிருந்து படம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பெரிதாக்கி எடுத்த படம். தேன் நிறத்தில் உருண்டையாக ஒரு கல், பக்கத்தில் சிவப்பாக ஒன்று, கறுப்பாக ஒன்று. ஓரத்தில் உடைந்த துண்டு ஒன்று, ஊதா நிறம்.

“இது என் செருப்புல இருந்தது. என் கூட்டாளி ஒருத்தி வேற இடத்துல பாத்துச் சொன்னா. அந்த ஊதா என்ன தெரியுதா?”

தெரிந்தது. என் அரிசி.

“என் பாட்டில்ல இருக்கிற தோரியம் தனியா இருக்கும். பிரிச்சி, சுத்தம் பண்ணின தோரியம். மண்ணுல கிடக்கிற தோரியத்துக்குக் குடும்பம் உண்டு. அது மெல்ல மெல்ல வேற பொருளா மாறும், அது இன்னொண்ணா மாறும். பிள்ளை, பேரப்பிள்ளை மாதிரி. இந்தக் கல்லுல எல்லாரும் ஒரே வீட்டுல இருக்காங்க. அப்ப இது என் பாட்டில்ல இருந்து வரல. நம்ம ஊரு சுரங்க மணலோடயும் சேரல. முனையெல்லாம் தேஞ்சி உருண்டிருக்கு. இது கடல்ல உருண்ட கல்லு.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். “நீங்க மாப்ப மாத்தல. செய்யாதத ஏன் ஆன்டி செஞ்சேன்னு சொன்னீங்க?”

பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அம்மன் கதையைச் சொன்னேன். தங்கை சொன்னதையும் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை.

அவர் முதலில் சிரித்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவருக்கு அந்தக் கதை தெரியாதாம். “கல்யாண அரிசியா!” என்று பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்தார். முகம் மாறியது.

“பன்னெண்டு நாள் ஆன்டி. பன்னெண்டு நாள் நான் தூங்கல. என் கிட்ட படிக்கிற பிள்ளைங்க வேற இடம் தேடுதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“மன்னிச்சிரு தாயி” என்றேன். அதற்கு முன் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அப்புறம் அவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். “நடந்தத எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க, நான் வேற ஆள வச்சி மொழிபெயர்க்கிறேன். பயப்படாதீங்க, அந்த மணலால உங்களுக்கோ வேற யாருக்கோ ஒண்ணும் ஆகாது. அந்தக் கரையில ஆளுங்க குடியே இருக்காங்க. எந்திரம் துளி இருந்தாலும் அடிச்சிரும், அவ்ளோதான்.”

எழுதினேன். பள்ளிக்கூடம் விட்டபின் அவ்வளவு நீளமாக எழுதியது அன்றுதான். பொட்டலத்தை அவர் ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடினார். அவருடைய வேலையில் எந்த ஊர் மணல் எப்படி இருக்கும் என்று தெரிந்த மாதிரிகள் வேண்டுமாம். பிற்பாடு எங்கேயாவது ஒன்று அகப்பட்டால் ஒப்பிட்டுப் பார்க்க.

நான் எழுதியதைக் கொடுத்தால் கதவு திறந்துவிடும் என்று நம்பினேன். அதிகாரிகள் கூப்பிட்டார்கள். டாக்டரின் தோரியக் கணக்கு சரி என்றார்கள், கல் அவருடைய பாட்டிலிலிருந்து வரவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். முத்திரையைக் கழற்றினார்கள். ஆனால் பதிவை மூட, கல் எங்கிருந்து எப்படி வந்தது என்று எழுத வேண்டும். பொட்டலத்து மணலும் அதே கல்தான், ஆனால் அது எந்த ஊரில் வாங்கி எப்படி வாசலுக்கு வந்தது என்பதற்கு என் வாய்மொழி ஒன்றுதான் இருக்கிறது. அங்கே ஒரு அம்மாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “முதல் தடவை கையெழுத்துப் போட்டதும் நீங்கதானே, மக்சிக்?” என்று மலாயில் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஆமாம், நான்தான். ஒரு தடவை பொய்யாகக் கையெழுத்துப் போட்டவள் அடுத்து மெய்யாகப் போட்டால், அதற்கு இன்னொருவர் சாட்சி வேண்டும். பதிவு மூடும்வரை டாக்டருக்குப் புது அனுமதி இல்லை. தோரியம், யுரேனியம் எதையும் தொடக்கூடாது. கதவு திறந்திருக்கிறது. அவர் உள்ளே போய் வெறும் மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

தங்கையிடம் போய்க் கேட்டேன். “எந்த இடத்துல வாங்கினே?”

“கன்னியாகுமரியிலதான். இல்லக்கா, ராமேஸ்வரமோ? பஸ்ஸு நிக்கிற இடத்துல ஒரு கிழவன் ஏறி வித்தான். நாலு ஊரு ஒரே நாள்ல பாத்தோம், எனக்கென்ன தெரியும்?”

“நல்லா யோசிச்சிப் பாருடி.”

“இதுக்குப் போயி இத்தன நாளு மூஞ்சத் தூக்கி வச்சிருந்தியா?” என்றவள், கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்தாள். “நான் விளையாட்டுக்குச் சொன்னேன் அக்கா, அன்னிக்கி.” அதிகாரிகளிடம் வந்து சொல்கிறேன் என்றாள். நான் வேண்டாமென்றேன். நிச்சயமில்லாததை நிச்சயம் என்று சொல்ல நான் ஒருத்தி போதும்.

டாக்டர் போன வாரம் போன் பண்ணினார். டப்பாவின் மேல் ஒட்டும் சீட்டில் இடம், வாங்கிய விதம், வாங்கியவர் என்று மூன்று வரி இருக்கிறதாம். மூன்றில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது.

அதனால் இதைப் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். போன தீபாவளிக்கு முந்தி, கிள்ளானிலிருந்து கோயில் யாத்திரை போன அந்த பஸ்ஸில் நீங்களோ உங்கள் வீட்டாரோ போயிருந்தால், மூன்று நிற மணல் பொட்டலம் உங்களிடமும் இருக்கும். எந்த ஊரில், யாரிடம் வாங்கினீர்கள் என்று நினைவிருந்தால் இதை அச்சில் போட்டவர்களிடம் சொல்லுங்கள். பொட்டலம் இருந்தால் திறக்காமல் வைத்திருங்கள். பயந்து கொட்டிவிட வேண்டாம். நான் எழுதியதில் தோரியத்தைப் பற்றியும் அந்த உப்பைப் பற்றியும் தப்பாக எதுவும் இருந்தால், படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். பன்னிரண்டு நாளா பதினொன்றா, தள்ளுவண்டி வந்தது காலையா மத்தியானமா என்பதையும் சரி பாருங்கள். மாப்பை மட்டும் பார்க்க வேண்டாம். அதை நான் மாற்றவில்லை.